கடலோர வீட்டுக்கு ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப்: குறைந்த செலவில் சரியானதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

டர்ன்டேபிள் வந்துவிட்டது, ஸ்பீக்கரும் இருக்கிறது, கேபிளையும் செருகியாகிவிட்டது. ஆனால் வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் பாட்டு மெலிசாக, பேஸே இல்லாமல், கீச்சென்று கேட்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாக ரெக்கார்டு கேட்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் புகார் இதுதான். பெரும்பாலும் டர்ன்டேபிளில் குறை எதுவும் இருக்காது. நடுவில் இருக்க வேண்டிய ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லை, அவ்வளவுதான்.

"சரி, எந்த பிராண்டு வாங்கலாம்?" என்பது அடுத்த கேள்வி. பிராண்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் சிக்னலாக்கும் சின்னப் பாகம்) எண்கள், அப்புறம் உங்கள் வீட்டு மின்சாரம். இந்த இரண்டும் கையில் இருந்தால், இருப்பதிலேயே மலிவான பெட்டி போதுமா, இன்னும் கொஞ்சம் செலவு செய்ய வேண்டுமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

இரண்டு வேலை. முதலாவது, சிக்னலைப் பெருக்குவது. வீடுகளில் அதிகம் புழங்கும் மூவிங் மேக்னெட் வகை கார்ட்ரிட்ஜ் வெளியே தருவது 3 முதல் 5.5 மில்லி வோல்ட்தான். ஆம்ப்பின் ஆக்ஸ் இன்புட்டுக்கு, அதாவது போன், சிடி பிளேயர் செருகும் துளைக்கு, சில நூறு மில்லி வோல்ட் வேண்டும். அதாவது ஏறக்குறைய 100 மடங்கு பெருக்க வேண்டும். டெசிபல் கணக்கில் 40.

இரண்டாவது வேலைதான் முக்கியம். ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலையும். ஒரு பக்கத்தில் கொள்ளும் பாட்டு குறையும், ஊசியும் துள்ளும். ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவது, திரும்ப வாசிக்கும்போது அதைக் குறைத்தால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும் என்பதற்காக. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் ஆளுக்கொரு கணக்காக இருந்ததை 1954-இல் ஆர்ஐஏஏ (அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம்) வளைவு என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகச் செய்கிறது. 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபலுக்கு மேல் கூட்டுகிறது. 20,000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கிறது.

இதில் நமக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஆர்ஐஏஏ வளைவு தரும் கூட்டல் சுமார் 17 டெசிபல், அதாவது 7 மடங்கு. ஏற்கெனவே உள்ள 100 மடங்கோடு சேர்த்தால், கேபிளுக்குள் நுழைகிற மின்சார இரைச்சல் 700 மடங்காகி ஸ்பீக்கருக்குப் போகிறது. டிவியிலும் போனிலும் கேட்காத ஹம் ("உம்ம்" என்ற இரைச்சல்) டர்ன்டேபிளில் மட்டும் கேட்பது இதனால்தான்.

படி 1: தனிப் பெட்டி உண்மையிலேயே வேண்டுமா?

டர்ன்டேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற தொடக்க நிலை மாடல்களில் இது உண்டு. சுவிட்சை லைனில் வைத்து நேராக ஆக்ஸில் செருகுங்கள். திருப்தியாக இருந்தால் இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிடலாம். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல ஊசி வாங்குங்கள்.

அடுத்து ஆம்ப்பின் பின்பக்கம். பழைய சோனோடைன், காஸ்மிக் ஆம்ப்களிலும் ஜப்பானிய ரிசீவர்களிலும் ஃபோனோ என்று எழுதிய இன்புட் இருக்கலாம்; பக்கத்தில் எர்த் வயருக்கு ஒரு திருகும் இருக்கும். இருந்தால் ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: டர்ன்டேபிள் சுவிட்ச் லைனில் இருக்கும்போது ஆம்ப்பின் ஃபோனோவில் செருகக் கூடாது. இரண்டு முறை பெருக்கி, இரண்டு முறை பேஸைக் கூட்டி, பாட்டு உடைந்து கதறும்.

மாடியில் தூங்கும் பழைய ரிசீவர் ஒன்று இருந்தால் அதன் ஸ்பீக்கர் பகுதி செத்துப் போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். டேப் அவுட் அல்லது ரெக் அவுட் என்ற துளையிலிருந்து உங்கள் புது ஆம்ப்பின் ஆக்ஸுக்குக் கேபிள் போடுங்கள். ஃபோனோ பகுதி நன்றாக இருந்தால் அந்த ரிசீவரே உங்கள் ப்ரீஆம்ப். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜ் என்ன வகை என்பது. தாத்தா காலத்துப் பெட்டி பிளேயர்கள் பலவற்றிலும், இப்போது விற்கும் சூட்கேஸ் பிளேயர்களிலும் இருப்பது செராமிக் வகை. அது நூற்றுக்கணக்கான மில்லி வோல்ட் தரும். அதற்கு ஆர்ஐஏஏ ப்ரீஆம்ப் போட்டால் தப்பு. ஆக்ஸில் நேராகச் செருகும்போது ஓரளவு சத்தமாகவும் பேஸோடும் கேட்டால், ஒன்று செராமிக், இல்லையென்றால் உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: கார்ட்ரிட்ஜின் மூன்று எண்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். கார்ட்ரிட்ஜின் மாடல் பெயரைப் பார்த்து, அதன் தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் எண், அவுட்புட். ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ என்றால் 4 மில்லி வோல்ட். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 5.5. 40 டெசிபல் பெட்டியில் 4 மில்லி வோல்ட் 400 ஆகும். 36 டெசிபல் பெட்டியில் 250 ஆகும். இரண்டுமே போதும். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தருவதால் ரெக்கார்டு எப்போதும் கொஞ்சம் அடக்கமாகத்தான் கேட்கும். வால்யூமைக் கூட்டினால் சரியாகிவிடும். அவுட்புட் 0.2 முதல் 0.5 மில்லி வோல்ட் என்று இருந்தால் அது மூவிங் காயில் வகை. 60 டெசிபல், அதாவது 1,000 மடங்கு வேண்டும். மலிவான பெட்டிகளில் மூவிங் காயில் வசதி இருந்தாலும் கூடவே இரைச்சலும் வரும். செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மூவிங் மேக்னெட்டோடு நில்லுங்கள்.

இரண்டாவது எண், லோடு இம்பீடன்ஸ். மூவிங் மேக்னெட்டுக்கு 47 கிலோ ஓம். ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளும் இதே அளவில்தான் வரும். கவலை வேண்டாம்.

மூன்றாவது எண், லோடு கெபாசிட்டன்ஸ், அதாவது கார்ட்ரிட்ஜோடு சேரும் மின்தேக்குத் திறன். பலரும் தாண்டிப் போவது இதைத்தான். ஏடி-விஎம்95இ கேட்பது 100 முதல் 200 பிகோ ஃபாரட். 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300. இது ப்ரீஆம்ப்புக்குள் இருப்பது மட்டும் அல்ல. டர்ன்டேபிளின் ஊசிக் கைக்குள் ஓடும் வயர், வெளிக் கேபிள், ப்ரீஆம்ப் மூன்றும் சேர்ந்த கூட்டுத்தொகை. சாதாரண ஆர்சிஏ கேபிள் ஒரு மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் அளவில் இருக்கும். மட்டமான கேபிளில் இன்னும் கூடும்.

கணக்கு போட்டே பார்க்கலாம். ஏடி-விஎம்95இ-யின் காயில் 550 மில்லி ஹென்றி. அதோடு 220 பிகோ ஃபாரட் சேர்ந்தால் ஒத்ததிர்வு (சத்தம் தானாக எகிறும் இடம்) சுமார் 14,500 ஹெர்ட்ஸில் விழுகிறது. நம்மில் பலர் காதுக்கு அது எட்டுவதே இல்லை. அதே கார்ட்ரிட்ஜுக்கு நீளமான கேபிளும் தப்பான பெட்டியும் சேர்ந்து 400 ஆகிவிட்டால், அது சுமார் 10,700-க்கு இறங்கிவிடும். அப்போது "ஸ", "ஷ" எல்லாம் சீறும், ஜால்ரா காதைக் குத்தும், அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது. "ரெக்கார்டுன்னா இப்படித்தான் கீறும்" என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்வது இந்தக் கெபாசிட்டன்ஸ் கோளாறைத்தான். அதனால் டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்ப்புக்கும் நடுவே கேபிள் குட்டையாக இருக்கட்டும். நீளம் வேண்டும் என்றால் ப்ரீஆம்ப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீளம் தொல்லை தராது.

படி 3: வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள்

புதுச்சேரியின் பழைய வீடுகளிலும் கடலூர் மஞ்சக்குப்பம், முதுநகர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் சுவிட்ச் போர்டில் மூன்று துளை இருக்கும். பின்னால் எர்த் வயர் பல இடங்களில் இருக்காது. வாங்குவதற்கு முன்னாலேயே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். எர்த் குழி இருந்தாலும் நம் மணல் மண்ணில் கோடையில் காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றச் சொல்வார், ஊற்றுங்கள்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டர்ன்டேபிளிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய வயர் வீட்டு எர்த்துக்குப் போக வேண்டியதல்ல. அது ப்ரீஆம்ப்பின் திருகில் மாட்ட வேண்டியது. ஊசிக் கையின் உலோகத்தையும் ப்ரீஆம்ப்பின் உடலையும் ஒரே மட்டத்தில் வைக்கத்தான் அது. ரேகா டர்ன்டேபிள்களில் அந்த வயரே இருக்காது. பயப்பட வேண்டாம், கேபிளுக்குள்ளேயே இணைத்திருப்பார்கள். ஹம் போகவில்லை என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, அந்த வயரை நியூட்ரலில் சொருகுவது போன்ற வீரச் செயல்கள் வேண்டவே வேண்டாம். உயிர் போகிற விஷயம்.

மற்றபடி இரைச்சலைக் கேட்டே காரணத்தைச் சொல்லலாம். ஒரே சீரான "உம்ம்" என்றால் எர்த் வயரைப் பாருங்கள். "ஜ்ர்ர்" என்று கரகரத்தால், ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். கூடவே இரைச்சலும் மாறினால் குற்றவாளி அதுதான். வழவழவென்று திரும்பும் பழைய ரெகுலேட்டர் மின்சார அலையை வெட்டித் தருகிறது. டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகைக்கு மாற்றிவிட்டால் சில நூறு ரூபாயில் தீர்ந்துவிடும். இதற்காக ப்ரீஆம்ப்பை மாற்றியவர்கள் உண்டு. ரெகுலேட்டர் அங்கேயே இருந்ததால் இரைச்சலும் அங்கேயே இருந்தது.

இன்வெர்ட்டரும் அப்படித்தான். மின்சாரம் போனதும் இரைச்சல் தொடங்கினால் உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டர். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலையும் 2024 நவம்பரின் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்க்காரர்களிடம் இன்வெர்ட்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் வகையாக வாங்குங்கள்; அதுவரை மின்சாரம் போனால் ரெக்கார்டுக்கும் ஓய்வு.

படி 4: பெட்டியில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

சப்சானிக் ஃபில்டர். நம் ஊருக்கு இதைவிட உபயோகமான வசதி கிடையாது. அக்னி நட்சத்திர வெயிலில் அலமாரியில் கிடந்த ரெக்கார்டு லேசாகவாவது நெளிந்திருக்கும். அந்த நெளிவு ஊசியை மேலும் கீழும் ஆட்டி, காதுக்குக் கேட்காத சில ஹெர்ட்ஸ் சிக்னலை உண்டாக்கும். ஆர்ஐஏஏ அதையும் சேர்த்துக் கூட்டும். ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிவிட்டுப் பேஸ் கோனைப் பாருங்கள். பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், தட்டு ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் கோன் முன்னும் பின்னும் பெரிதாக அசையும். ஆம்ப்பின் சக்தி அதிலேயே வீணாகும். 20 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டும் சுவிட்ச் ஒன்று இருந்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும்.

கெபாசிட்டன்ஸ் சுவிட்ச் இருந்தால் நல்லது. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழ் இருந்தாலும் நல்லது. எர்த் திருகு கட்டாயம். யுஎஸ்பி, பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைக்கிறவர்களுக்கு மட்டும்.

மேலே ஆரஞ்சு வெளிச்சத்தோடு வால்வு நீட்டிக்கொண்டிருக்கும் மலிவுப் பெட்டிகளுக்கு அந்த வால்வுக்காகவே கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அழகாக இருக்கிறது என்று வாங்கினால் அது வேறு விஷயம். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

படி 5: எந்தப் பெட்டி?

விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ரூபாய்க் கணக்கு சொல்லவில்லை, வரிசை மட்டும்.

அடிமட்டத்தில் பெரிங்கர் பிபி400. உள்ளங்கை அளவு, மூவிங் மேக்னெட் மட்டும், ஒரு சுவிட்சும் கிடையாது. ஸ்பீக்கர் சாதாரணமானது என்றால் இதற்கு மேல் போகத் தேவையில்லை. கணினியில் ஏற்றுவதும் நோக்கம் என்றால் அதே நிறுவனத்தின் யுஎஃப்ஓ202. ஃபோனோ, லைன் சுவிட்சும் யுஎஸ்பியும் அதிலேயே இருக்கின்றன.

அடுத்த படியில் ஆர்ட் டிஜே ப்ரீ 2. கெய்ன் குமிழ், கீழ் அலை வெட்டும் சுவிட்ச், 100-க்கும் 200-க்கும் மாற்றும் கெபாசிட்டன்ஸ் சுவிட்ச் எல்லாம் உண்டு. கடற்கரையோர வீட்டில் நெளிந்த தட்டு கேட்கிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பார்க்க அழகில்லை, அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. ப்ரோ-ஜெக்ட் ஃபோனோ பாக்ஸ் இ அமைதியான, அடக்கமான பெட்டி. நேரான தட்டுகளும் பொருத்தமான கார்ட்ரிட்ஜும் இருந்தால் போதும்.

அதற்கு மேலே ஷீட் மானி 2, ஐஃபை ஜென் ஃபோனோ போன்றவை. பின்னாளில் மூவிங் காயில் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். என் அளவுகோல் எளிது: ப்ரீஆம்ப்பின் விலை கார்ட்ரிட்ஜின் விலையைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்றால் மிச்சப் பணம் ஊசிக்குப் போகட்டும். காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அங்கேதான் அதிகம்.

படி 6: பழையது வாங்குவதானால்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஆம்ப், ப்ளேயர் எதுவும் கண்ணில் படலாம். "அண்ணே, ஒரு தரம் கரண்ட் குடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். "ஓடும் தம்பி, நம்பி எடுத்துட்டுப் போ" என்று பதில் வந்தால், பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பரவாயில்லை, கான்டாக்ட் கிளீனருக்கு அடங்கும். எரிந்த வாசனை வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

அடாப்டர் இல்லாத ப்ரீஆம்ப்பை ஜாக்கிரதையாகப் பாருங்கள். சில பெட்டிகளுக்கு டிசி வேண்டும்; மானி போன்ற சிலவற்றுக்கு ஏசி வெளியிடும் அடாப்டரே வேண்டும். முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடந்த ஏதோ ஒன்றைச் செருகினால் பெட்டி போய்விடும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அடாப்டரில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரான்சில் சொந்தம் உள்ள வீடுகளில் இன்னொரு வகை உண்டு. அங்கிருந்து வந்த பழைய ஐரோப்பிய டர்ன்டேபிள்கள் பலவற்றில் ஆர்சிஏ இருக்காது. ஐந்து ஊசிகள் கொண்ட வட்டமான டின் (DIN) பிளக் இருக்கும். வோல்ட் பெரும்பாலும் நமக்குப் பொருந்தும். டின்னிலிருந்து ஆர்சிஏ-வுக்கு மாற்றும் குட்டைக் கேபிள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கலாம். கேட்கும்போது டர்ன்டேபிளுக்கு என்று சொல்லி வாங்குங்கள், ஏனென்றால் டேப் ரெக்கார்டருக்கான சில கேபிள்களில் இணைப்பு வேறு.

படி 7: மாட்டிச் சோதிப்பது

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கேபிள்களை மாட்டுங்கள். எர்த் வயரைத் திருகில் இறுக்குங்கள். ப்ரீஆம்ப்பின் அடாப்டர் டர்ன்டேபிளிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். முதலில் ப்ரீஆம்ப், கடைசியில் ஆம்ப் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள்.

தட்டு போடாமல், மோட்டார் ஓடாமல், வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் காதை ஸ்பீக்கரின் அருகே கொண்டுபோங்கள். லேசான "ஸ்ஸ்" இயல்பு. உட்காரும் இடத்தில் கேட்கக் கூடாது. இப்போது மோட்டாரை ஓடவிட்டு, ஊசிக் கையைத் தட்டின் மேலே, ஊசி தொடாமல், வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகக் கொண்டுவாருங்கள். நடுவை நெருங்க நெருங்க ஹம் கூடினால் மோட்டாரின் காந்தப் புலத்தை கார்ட்ரிட்ஜ் பிடிக்கிறது என்று அர்த்தம். எந்த ப்ரீஆம்ப் மாற்றினாலும் அது போகாது. பெட்டியை மட்டும் நகர்த்தும்போது ஹம் மாறினால் பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது; இடத்தை மாற்றுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு வயர்களைப் பாருங்கள்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது.

சோதனைக்குக் கர்நாடகக் கச்சேரித் தட்டைப் போடாதீர்கள். தம்புரா சுருதி ஓடிக்கொண்டே இருப்பதால் ஹம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு பாட்டுக்கு நடுவே இடைவெளி உள்ள சினிமா எல்பி வசதி. பழைய தமிழ் இபி-க்கள் பல மோனோ. ஆம்ப்பில் மோனோ பட்டன் இருந்தால் அமுக்குங்கள், தட்டின் கீறல் சத்தத்தில் ஒரு பகுதி தானாக அடங்கிவிடும். 78 சுற்றுத் தட்டுகள் என்றால் ப்ரீஆம்ப் பற்றி யோசிப்பதற்கு முன் அகல ஊசி வாங்க வேண்டும். 1954-க்கு முந்தையவற்றுக்கு ஆர்ஐஏஏ அப்படியே பொருந்தாது, டோன் குமிழால் கொஞ்சம் சரிக்கட்டலாம்.

கடைசியாக ஒன்று. உப்புக் காற்றில் ஆர்சிஏ பிளக்குகள் பச்சை பிடிக்கும். தங்க முலாம் பூசிய முனைகளுக்கு நம் ஊரில் கொடுக்கும் காசு வீண் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் ஆம்ப்பை அணைத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு திருப்பு திருப்பி மாட்டுங்கள். திடீரென்று ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் புதுப் பெட்டி தேடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.